கிரகண நிழலும் அகத்திய மீனும்

அன்புள்ள ஐயா,

பூமி உருண்டை என்பது கொலம்பஸின் பயணத்தால்தான் உறுதியானது என்று பள்ளியில் படித்தேன். ஆரியபட்டரைப் பற்றிய உங்கள் கட்டுரையிலோ, அவருக்கு முன்பே கிரேக்கர்கள் அதை அறிந்திருந்தார்கள் என்று ஒரு வரியில் கடந்துபோகிறீர்கள். தொலைநோக்கிகூட இல்லாத காலத்தில் அது அறிவா, நல்ல ஊகமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

தொடக்கத்தில் ஊகமாக இருந்திருக்கலாம், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் எழுதும்போது அது சான்றுகளோடு கூடிய அறிவாகிவிட்டது. அவர் காட்டிய சான்றுகளில் இரண்டை இன்றும் நம் மொட்டைமாடியிலிருந்தே பார்க்கலாம்.

முதலாவது சந்திர கிரகணம். நிலவின்மேல் விழும் பூமியின் நிழலுக்கு எப்போதும் வளைந்த விளிம்பே இருக்கிறது என்றார் அவர். 2025 செப்டம்பர் 7 இரவு பத்து மணிக்குச் சற்று முன் அந்த நிழல் நிலவைத் தொட்டதை மேகங்களின் இடைவெளியில் பார்த்தேன். விளிம்பு ஈரத்தாளில் ஊறிய மைபோல மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் வளைவில் ஐயமில்லை. வட்டமான தட்டுக்கும் வட்ட நிழல் விழுமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கதிரவன் தட்டுக்கு நேர் கீழே இருக்கும்போது நிழல் வட்டமாக விழும். நிலவு உதிக்கும் வேளையில் கிரகணம் பிடித்தாலோ, கதிரவன் எதிர் அடிவானத்தில் இருக்கும், ஒளி தட்டின் விளிம்பை உரசிச் செல்லும், நிழல் மெல்லிய கீற்றாகத்தான் விழ வேண்டும். அந்தியிலும் நள்ளிரவிலும் நிழல் ஒன்றுபோல வட்டமாகவே விழுகிறது என்றால், எத்திசையிலிருந்து ஒளி பட்டாலும் வட்ட நிழல் தரும் வடிவம் கோளம் ஒன்றுதான்.

இரண்டாவது சான்று எனக்கு இன்னும் நெருக்கமானது. எகிப்திலும் சைப்ரஸ் பக்கத்திலும் தெரியும் சில விண்மீன்கள் வடக்கே போனால் தெரிவதில்லை என்று அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் போசிடோனியஸ் என்ற கிரேக்க அறிஞர் இதை ஒரே விண்மீனைக் கொண்டு அளவாகவே மாற்றினார்: ரோட்ஸ் தீவில் அடிவானத்தைத் தொட்டு மறையும் கனோபஸ், தெற்கே எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வட்டத்தின் 48-இல் ஒரு பங்கு உயரம் எழுகிறது என்றார். அந்தக் கனோபஸ்தான் நாம் அகத்தியர் பெயரால் அழைக்கும் விண்மீன். பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணியளவில் சென்னையில் தெற்கு நோக்கி நின்று, கையை நீட்டிச் சாண் விரித்துப் பிடித்தால், ஏறக்குறைய அந்த உயரத்தில், 24 பாகையில், அது நிற்கும். டெல்லியில் 9 பாகைதான். ஸ்ரீநகரில் 3 பாகை, மலை மறைக்காவிட்டால். பூமி தட்டையாக இருந்தால் எல்லா ஊரிலும் அது ஒரே உயரத்தில்தான் நிற்க வேண்டும். ஓர் ஊரிலேயே வாழ்நாள் முழுதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே வராது. ஆகவே பூமியின் வடிவத்தை அறிந்த பெருமையில், பெயர் தெரியாத மாலுமிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பெரும்பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

ஆரியபட்டர் கி.பி. 499-இல், கடம்பமலரின் உருண்டையைச் சுற்றிலும் பூவிதழ்கள் நிற்பதுபோல பூமிக்கோளத்தைச் சுற்றிலும் உயிர்கள் வாழ்கின்றன என்று உவமை சொன்னார். கடம்பம்பூவைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, அடிப்பக்கத்தில் இருப்பவர்கள் விழுந்துவிட மாட்டார்களா என்ற கேள்விக்கும் அதிலேயே விடை தெரியும்: எல்லாப் பக்கத்து இதழ்களுக்கும் வேர்ப்பிடிப்பு நடுவில்தான் இருக்கிறது.

கொலம்பஸ் காலத்து அறிஞர்கள் அவரோடு வாதிட்டது பூமியின் வடிவத்தைப் பற்றியல்ல, அளவைப் பற்றி. மேற்கு வழியாக ஆசியா அவர் கணக்கிட்டதைவிட மிகத் தொலைவில் இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னதே சரி.