மூன்று மா நிலத்தை விற்காதீர்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் போன வாரம் வந்திருந்தது. மகளுக்கு நீட் தேர்வில் அரசு இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) நிலத்தை விற்றாவது தனியார் கல்லூரியில் டாக்டருக்குச் சேர்த்துவிடுங்கள் என்கிறாராம் பெரிய மாமா. மகளோ வடுவூர் ஏரிக் கரையில் உட்கார்ந்து பறவைகளைப் பற்றி நோட்டு நோட்டாக எழுதுகிறாள். "பறவையைப் பத்தி எழுதினா சோறு கிடைக்குமா சார்?" என்று கேட்டு அம்மா அழுதுவிட்டார்.

கவலைப்படாதீர்கள் என்று அன்று சொல்லி அனுப்பினேன். அது போதாது அம்மா, இப்போது வெளிப்படையாகவே சொல்கிறேன். நிலத்தை விற்காதீர்கள். வருடா வருடம் பல லட்சம் கேட்கும் படிப்பு அது. நிலத்தை விற்ற பணம் தீர்ந்தபின் வட்டிக்கு வாங்குவீர்கள். அந்த வட்டியை மாமா கட்டப் போவதில்லை. அதைவிட முக்கியம், உங்கள் மகள் அந்தப் படிப்பைக் கேட்கவே இல்லை.

எழுத்து மட்டும் சோறு போடாது, உண்மைதான். பத்திரிகை தரும் சன்மானத்தில் குடும்பம் ஓடாது. அதனால் எழுத்தோடு ஒரு படிப்பும் வேண்டும். மயிலாடுதுறையை ஒட்டி மன்னம்பந்தலில் இருக்கும் ஏ.வி.சி. கல்லூரியைப் பாருங்கள். அரசு உதவி பெறும் கல்லூரி. இளங்கலையில் விலங்கியல், அப்புறம் அங்கேயே காட்டுயிர் உயிரியல் முதுகலை. இப்படி ஒரு படிப்பு பக்கத்திலேயே இருப்பது நம் டெல்டாவில் பலருக்குத் தெரிவதில்லை. போய்ப் பார்த்துப் படிக்கக் கோடியக்கரையில் வெளிமானும் பூநாரையும் இருக்கின்றன, முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு இருக்கிறது. கோடியக்கரையில்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி அவை பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும் வலசையை ஆராய்ந்து வருகிறார்கள். முதுகலைக்குப் பின் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம். கடினமான தேர்வுதான், ஆனால் பிடித்ததைப் படிக்கிற பெண் அதற்கு உழைப்பாள். விலங்கியல் பட்டம் இருந்தால் இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம்.

அவள் நோட்டைப் படித்தேன். வயலில் இறங்கிய நத்தைகுத்தி நாரைகள் எத்தனை, பூச்சி மருந்து அடித்த மறுநாள் எத்தனை என்று தேதி போட்டு எண்ணி வைத்திருக்கிறாள். நெல்வயல் நத்தையைத் தின்று வாழும் பறவை அது. அந்தக் கணக்கு நம் விவசாயிகளுக்கு வேண்டிய செய்தி. அதைத் தமிழில் எழுதட்டும், ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்கும் அளவுக்கு ஆங்கிலமும் பழகட்டும். இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1950இல் ஒரு ஆங்கில நாளிதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். தமிழிலும் எழுதினார். இந்த வேலைக்கு அந்தப் பொறுமை வேண்டும், உங்கள் மகளிடம் அது இருக்கிறது.

நிலத்தை விற்க புரோக்கரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாமாவிடம் நான் பேசுகிறேன். நீங்கள் மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, மகளோடு ஒருமுறை மன்னம்பந்தல் போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.