எல்லாக் கருவும் முதலில் பெண்ணா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முழுகாமல் இருக்கிறேன், ஆஸ்பத்திரி அட்டையில் பத்து வாரம் என்று போட்டிருக்கிறது. முதல் இரண்டும் பெண். இந்தத் தடவை பையன் பிறக்க முனீஸ்வரருக்கு வேண்டிக்கொண்ட மாமியார், தினமும் ஒரு கஷாயமும் காய்ச்சிக் கொடுக்கிறார். எதிர்வீட்டு பர்மாக்கார டீச்சரோ, எல்லாக் கருவும் முதலில் பெண்தான், சிலது பிறகு ஆணாகும் என்கிறார். இன்னும் மாற வாய்ப்பு இருக்கிறதா?
- வாசகி, யாங்கோன்

பதில்: கஷாயத்தை முதலில் நிறுத்துங்கள், தங்கச்சி. என்ன வேர், என்ன இலை என்றே தெரியாததை முதல் மூன்று மாதத்தில் குடிப்பது ஆபத்து. வேண்டுதல் இருக்கட்டும், அது உடம்பைக் கெடுக்காது. உங்கள் கருமுட்டையில் இருப்பது எக்ஸ் குரோமோசோம் மட்டுமே. வழக்கமாக எக்ஸ்எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்ஒய் என்றால் ஆண். அந்த இரண்டாவது எக்ஸையோ ஒய்யையோ கொண்டுவருவது உங்கள் வீட்டுக்காரரின் விந்தணு, அதுவும் கரு உண்டான அன்றைக்கே முடிந்த கதை. மாமியார் கேட்பதானால் தன் மகனைத்தான் கேட்க வேண்டும், அவரும் பாவம், பார்த்தா அனுப்பினார்?

டீச்சர் சொன்னது பலரும் சொல்வதுதான், ஆனால் சரியில்லை. கரு உண்டாகி ஆறு வாரம், அதாவது கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணும் ஆஸ்பத்திரிக் கணக்கில் எட்டு வாரம். அப்போது கரு ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும். அதன் வயிற்றுக்குள் இரண்டு சின்ன மேடுகள், விரையாகவும் ஆகலாம், சூலகமாகவும் ஆகலாம். பக்கத்திலேயே இரண்டு ஜோடிக் குழாய்கள்: முல்லர் குழாய் கருப்பையாகக் கூடியது, உல்ஃப் குழாய் விந்துக்குழாயாகக் கூடியது. எல்லாக் கருவிலும் இரண்டுமே இருக்கும்போது அதைப் பெண் என்று எப்படிச் சொல்வது?

ஒய்யில் எஸ்ஆர்ஒய் என்று ஒரு மரபணு உண்டு, 1990இல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். மறு வருடமே அதை எக்ஸ்எக்ஸ் எலிக் கருவில் வைத்து ஆண் எலியாகப் பிறக்கவும் வைத்தார்கள். மனிதக் கருவில் எஸ்ஆர்ஒய் அந்த ஆறாவது வாரம் வாக்கில் வேலையைத் தொடங்கி சாக்ஸ்9 என்ற இன்னொரு மரபணுவை எழுப்பிவிட, மேடு விரையாகிறது. விரை இரண்டு ஹார்மோன் சுரக்கும். ஒன்று முல்லர் குழாயைக் கரைக்கும், இன்னொன்றான டெஸ்டோஸ்டிரோன் உல்ஃப் குழாயைக் காப்பாற்றும்.

1940களில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் என்ற பிரெஞ்சுக்காரர், தாய் வயிற்றில் இருந்த முயல் குட்டிகளுக்கு அந்த மேட்டையே அகற்றிப் பார்த்தார், எல்லாமே கருப்பையோடு வளர்ந்தன. சும்மா விட்டால் பெண் என்ற பேச்சு கிளம்பியது அதிலிருந்துதான். எனக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. சூலகம் உருவாகவும் தனியாக மரபணுக்கள் உழைக்க வேண்டும்; அவற்றில் ஒன்றான ஆர்எஸ்பிஓ1 பழுதான சிலர், எக்ஸ்எக்ஸாக இருந்தும், எஸ்ஆர்ஒய் இல்லாமலேயே ஆண்களாக வளர்ந்திருந்ததை 2006இல் ஒரு குடும்பத்தில் கண்டார்கள்.

உங்கள் பத்து வாரத்தில் அந்த மேடு எந்தப் பக்கம் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. ஸ்கேனில் நன்றாகத் தெரிய பதினெட்டு, இருபது வாரம் ஆகும்.

கேள்வி: ஆம்பளைக்கு எதற்குங்க மார்க்காம்பு?
- வாசகர், பெகு

பதில்: எஸ்ஆர்ஒய் வேலைக்கு வருமுன்பே அதற்கான கோடு போட்டாகிவிடுகிறது. அப்புறம் அதை அழிக்க யாரும் வருவதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: அக்கா மகளுக்குப் பதினேழு வயது, இன்னும் வயசுக்கு வரவில்லை. பரிசோதனையில் எக்ஸ்ஒய் என்று வந்திருக்கிறது, கருப்பையும் இல்லையாம். இனி அவளைப் பையனாக நினைக்க வேண்டுமா?
- பெயர் வேண்டாம், மோல்மேன்

பதில்: வேண்டாம். இப்படி வருவதற்குப் பல காரணம் உண்டு. அதில் ஒன்று, உள்ளே விரை இருந்து டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கும், ஆனால் உடம்பின் செல்கள் அதை ஏற்காது. முல்லர் குழாயைக் கரைக்கும் ஹார்மோன் மட்டும் வேலை செய்துவிடும், அதனால் கருப்பை இராது; வெளித்தோற்றமோ முழுக்கப் பெண். அவளுக்கு உண்மையில் எது என்பதை ஹார்மோன் டாக்டர்தான் சொல்ல வேண்டும், உள்ளே இருக்கும் விரையை எடுப்பதா, கண்காணிப்பதா என்பதையும் அவரிடமே கேளுங்கள். சீக்கிரம் கூட்டிப் போங்கள், அவளையும் உட்கார வைத்தே பேசச் சொல்லுங்கள், கோவில் வாசலில் யாரிடமும் இதைச் சொல்ல வேண்டாம்.