கல்லீரலில் தெரியும் கட்டிகள் எல்லாம் புற்றுநோய்தானா? ஓய்வுபெற்ற தோட்டத்து டிரெசர் ஒருவரின் பதில்

கேள்வியைச் சுருக்கமாக மறுபடியும் எழுதிவிடுகிறேன். உங்கள் தந்தைக்கு 61 வயது, இனிப்புநீர் (நீரிழிவு) உண்டு. ஒரு மாதமாக மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு. ஸ்கேனில் கல்லீரலில் 4 கட்டிகள் தெரிந்தன. ‘பரவிய புற்றுநோயாக இருக்கலாம்’ என்று அறிக்கை வந்திருக்கிறது. கீமோவுக்கு ஆயத்தமாக வேண்டுமா, வேறு நோயாக இருக்க வழியுண்டா, அவரிடம் சொல்வதா மறைப்பதா என்று கேட்கிறீர்கள்.

நான் மருத்துவன் அல்லன். மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் 24 ஆண்டுகள் டிரெசராக, அதாவது தோட்டத்து மருந்தகத்தில் புண் கட்டி மருந்து கொடுப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் உங்கள் தந்தைக்கு வந்த அறிக்கை ஏறக்குறைய எழுத்து மாறாமல் என் அண்ணனுக்கும் வந்தது. அது தவறு என்று தெரிய ஏழு வாரங்கள் பிடித்தன. அந்த ஏழு வாரங்களில் நாங்கள் எங்கே சறுக்கினோம் என்பதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால்தான் எழுதுகிறேன்.

அண்ணன் பழம் ஏற்றும் லாரியில் வேலை செய்தவர். காய்ச்சல் தொடங்கி ஐந்தாவது வாரத்தில் 9 கிலோ இறங்கியிருந்தார். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். கல்லீரலில் கறுத்த புள்ளிகள் தெரிந்தன. அடுத்த நாள் சி.டி. ஸ்கேன், ‘பல கட்டிகள், பரவலாக இருக்க வாய்ப்பு அதிகம்’ என்று வந்தது. பரவல் என்றால் மூலம் எங்காவது இருக்க வேண்டும் என்று இரைப்பையிலும் பெருங்குடலிலும் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. பிறகு கல்லீரலில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ‘நாள்பட்ட அழற்சி, புற்றணுக்கள் காணப்படவில்லை’ என்று முடிவு வந்தது. நாங்கள் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பினோம். மருத்துவரோ, ஊசி சரியான இடத்தில் பட்டிருக்காது, மறுபடியும் எடுக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை, ஊசி இலக்குத் தவறுவது நடப்பதுதான். எடுத்த சதையை எங்கே அனுப்பினார்கள் என்பதில்தான் தவறு இருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் நாளை கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஊசி அறையிலிருந்து தாதி ஒருவர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியோடு வெளியே வந்தார். உள்ளே தண்ணீர் போன்ற ஃபார்மலின். அதில் உடைந்த சேமியாத் துண்டுகள் போல இரண்டு மூன்று வெளிர் நிறச் சதைக் கீற்றுகள் மிதந்தன. குப்பி ஒன்றே ஒன்று. ஃபார்மலினில் போட்ட சதையை நுண்ணோக்கியில் பார்க்கலாம், சாயம் ஏற்றலாம். ஆனால் அதில் உயிரோடு எந்தக் கிருமியும் மிஞ்சாது, ஆகவே கிருமி வளர்ப்புச் சோதனை செய்ய முடியாது. அதற்கு இன்னொரு துண்டையோ சீழையோ ஃபார்மலின் கலக்காத, கிருமி நீக்கிய குப்பியில் தனியாக எடுத்து அன்றைக்கே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் புண்ணும் சீழும் பார்த்த எனக்கு ‘இரண்டாவது குப்பி எங்கே?’ என்று கேட்கத் தோன்றவில்லை. புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குத் தெரிந்தவையும் மறந்துபோயின.

பிறகு வேறு ஊர் அரசு மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே ஓர் இளம் மருத்துவ அதிகாரி ஊசியால் இழுத்த சீழையும் இரத்தத்தையும் வளர்ப்புக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் கிருமியின் பெயர் வந்தது: பர்க்ஹோல்டேரியா சூடோமாலி. நோய், மெலியோய்டோசிஸ்.

இந்தப் பெயர் நம்மில் பலருக்குப் புதிது. ஆனால் நோய் நம் மண்ணுக்குப் புதிதன்று. 1911-இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவர் இதைக் கண்டறிந்தார். 1912-இல் வந்த கட்டுரையில் அவரோடு கிருஷ்ணசாமி என்ற மருத்துவரின் பெயரும் இருக்கிறது. இதற்கு மெலியோய்டோசிஸ் என்று 1921-இல் பெயரிட்ட ஸ்டான்டனும் ஃப்ளெட்சரும் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை செய்தவர்கள். கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. தோலில் உள்ள வெட்டுக்காயம் வழியாகவோ, மூச்சு வழியாகவோ, குடிநீர் வழியாகவோ உள்ளே போகிறது. மழைக்காலத்தில் நோயாளிகள் கூடுவார்கள். மிக அதிகமாக இதற்கு ஆளாகிறவர்கள் இனிப்புநீர் உள்ளவர்கள். செம்பனைத் தோட்டத்தில் வடிகாலில் இறங்கி வேலை செய்யும் ஐம்பது வயதுக்காரர்களில் இனிப்புநீர் எத்தனை பேருக்கு உண்டு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது ஏன் புற்றுநோய் போலத் தெரிகிறது என்றால், கல்லீரலில் ஒரே பெரிய சீழ்க்கட்டியாக வராமல் பல சிறு கட்டிகளாக வரக்கூடும்; சில வேளைகளில் ஒரே கட்டிக்குள் பல அறைகள் தேன்கூடு போலத் தெரியும். காய்ச்சலும் மெலிவும் மாதக்கணக்கில் இழுத்தால் சிலர் காசநோய் என்று எண்ணி மருந்து தொடங்கிவிடுவதும் உண்டு. மண்ணீரலிலும் சேர்ந்து கட்டிகள் இருந்தால் சந்தேகம் வலுக்க வேண்டும். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியிலும் சீழ் பிடிக்கும் என்பதால் வயிற்றோடு இடுப்புப் பகுதியையும் ஸ்கேனில் பார்ப்பது நல்லது. ஆய்வுக்கூடத்திலும் ஒரு வழுக்கல் உண்டு: சில தானியங்கி இயந்திரங்கள் இதை இன்னொரு கிருமி என்று தவறாக அடையாளம் காட்டும், அல்லது மாசு என்று ஒதுக்கப்படும். அதனால்தான் ‘மெலியோய்டோசிஸ் சந்தேகம்’ என்று படிவத்தில் மருத்துவர் எழுதி அனுப்புவது முக்கியம். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பதை மட்டும் நம்ப முடியாது; நம் போன்ற ஊர்களில் நோய் இல்லாதவர்களுக்கும் அது இருக்கும்.

பெயர் தெரிந்தால்தான் மருந்தும் சரியாக அமையும். கல்லீரல் சீழ்க்கட்டிக்கு வழக்கமாகத் தொடங்கும் செஃப்ட்ரையாக்ஸோனும் மெட்ரோனிடஸோலும் இந்தக் கிருமிக்குப் போதா. செஃப்டாசிடிமோ மெரோபெனமோ நரம்பு வழியாகக் குறைந்தது இரண்டு வாரம், ஆழமான சீழ் இருந்தால் நான்கு வாரமோ அதற்கு மேலோ கொடுக்க வேண்டும். அதன் பிறகு கோட்ரைமாக்ஸசோல் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் விடாமல் எடுக்க வேண்டும். அந்த மாத்திரைக்கு முன் ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உண்டா என்று பார்ப்பார்கள்; நடுவில் சிறுநீரகச் சோதனையும் பொட்டாசியம் அளவும் பார்ப்பார்கள்; தோலில் தடிப்பு வந்தால் உடனே சொல்ல வேண்டும். அண்ணனுக்குச் சரியான மருந்து ஏறிய பிறகும் பத்து நாள் காய்ச்சல் நின்றபாடில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று அண்ணி அழுதார். ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடிப்பது இந்த நோயின் இயல்பு என்பதை அன்று எங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்திவிடுவது நம் தோட்டத்து வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் தந்தைக்கும் இதுவே என்று நான் சொல்லவில்லை. இனிப்புநீர்க்காரருக்கு க்ளெப்சியெல்லா என்ற கிருமியால் வரும் சீழ்க்கட்டிதான் நம் பக்கத்தில் அதிகம். அது கண்ணுக்குள்ளும் பரவக்கூடியது. ஆகவே பார்வை மங்கினால் அன்றே சொல்ல வேண்டும். அமீபாச் சீழ்க்கட்டி பெரும்பாலும் வலப்பக்கம் ஒற்றையாக வரும். மலத்தில் அமீபா தெரியாவிட்டாலும் அது இருக்கலாம், அதற்கு இரத்தச் சோதனை உண்டு. மெட்ரோனிடஸோல் கொடுத்தால் சில நாள்களிலேயே காய்ச்சல் இறங்கும், பிறகு குடலில் ஒளிந்திருப்பதைக் கொல்ல இன்னொரு மருந்தும் வேண்டும்.

காய்ச்சல் இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கட்டி தெரிகிறவர்களின் கதை வேறு. இந்தப் பதிலை அவர்களும் படிக்கக்கூடும் என்பதால் சில வரிகள். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி இரத்தத்தையே உறிஞ்சும். ஆகவே சாயம் செலுத்திய அரை நிமிட அளவில் எடுக்கும் படத்தில் அது பளிச்சிட்டு, பின்னால் எடுக்கும் படங்களில் சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிப்போகும். கல்லீரல் சுருக்கமோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோ உள்ளவருக்கு இந்த அடையாளம் தெளிவாக இருந்தால் ஊசி போடாமலே புற்றுநோய் என்று முடிவு செய்வார்கள்; அவை இல்லாதவருக்கு அதே அடையாளத்தை வைத்து அப்படி முடிவு செய்யக் கூடாது. ஹெமாஞ்சியோமா என்ற தீங்கற்ற இரத்தக்குழாய்க் கட்டி ஓரங்களில் முதலில் நிறைந்து மெல்ல நடுவை நோக்கி நிறையும். அதற்குப் பொதுவாக ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். ஆகவே ‘மூன்று கட்டமாக எடுத்த படமா, ஒரே கட்டமா?’ என்று கேட்பது நியாயமான கேள்வி. அண்ணனுக்கு எடுத்தது ஒரே கட்டம். ஏ.எஃப்.பி. என்ற இரத்தச் சோதனை சரியாக வந்தால் புற்றுநோய் இல்லை என்றும் ஆகாது. சிறு கட்டிகளில் அது பல வேளை ஏறாது. இன்னொன்று: ஆடு மேய்க்கும் ஊர்களில் வளர்ந்து இங்கே வந்தவருக்கு நீர்க்கட்டி தெரிந்தால், அது நாடாப்புழுக் கட்டியா என்று பார்க்காமல் ஊசி போடக் கூடாது; உள்ளிருக்கும் நீர் கசிந்தால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வரலாம்.

உங்கள் தந்தைக்கு உண்மையிலேயே புற்றுநோயாகவே இருந்தாலும், அது எங்கிருந்து பரவியது என்று சதைச் சோதனையில் தெரியாமல் கீமோ தொடங்க மாட்டார்கள். ஒவ்வொரு மூலத்துக்கும் மருந்து வேறு. எனவே இன்றைக்கு நீங்கள் கீமோவுக்கு ஆயத்தமாக வேண்டியதில்லை, ஊசிக்கு ஆயத்தமாகுங்கள். ஆண்டிபயாட்டிக் தொடங்குமுன் இரத்தம் வளர்ப்புக்குப் போனதா என்று கேளுங்கள். ஆனால் நடுக்கத்தோடு காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் எதற்காகவும் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது அறிக்கைத் தாளை மட்டும் கொண்டு போகாதீர்கள், படம் பதிந்த வட்டையும் வாங்கிச் செல்லுங்கள். புதிய மருத்துவர் பார்க்க வேண்டியது முந்தியவரின் முடிவை அன்று, படத்தை. கீழாநெல்லி கொடுக்கலாமா என்று உங்கள் வீட்டிலும் யாராவது கேட்பார்கள். நான் அதன் எதிரி அல்லன், ஆனால் இந்தச் சில வாரங்கள் ஈரல் சோதனை எண்களைக் குழப்பக்கூடிய எதையும் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

தந்தையிடம் சொல்லலாமா என்பதற்கு வருகிறேன். நாங்கள் அண்ணனிடம் மறைத்தோம். ‘வயிற்றில் புண்’ என்று சொல்லி வைத்தோம். மருத்துவர் எது கேட்டாலும் நானும் அண்ணியும் முந்திக்கொண்டு பதில் சொன்னோம்; அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் உள்ளே பேசினோம். ‘என்ன வேலை?’ என்று கேட்டதற்கு நான் ‘லாரியில் வேலை’ என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த இளம் மருத்துவ அதிகாரிதான் எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவரிடம் நேராகக் கேட்டார். காய்ச்சல் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு பெய்த மழையில் லாரி சேற்றில் புதைந்தது, முழங்கால் அளவு நீரில் இறங்கிப் பலகை வைத்தபோது பூட்ஸ் கிழிந்து பனை முள் பாதத்தில் ஏறியது, புண் ஆற வெகு நாளானது என்று அவர் சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. அவர் கேட்கப்படவே இல்லை.

நோயின் பெயர் உறுதியான அன்று மாலை, புற்றுநோய் என்று ஐயப்பட்டதை அவரிடம் நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்தார். சேமநிதித் தாள்கள் அலமாரியின் மேல்தட்டில் சிவப்புக் கோப்பில் இருப்பதாக அண்ணியிடம் மூன்றாவது வாரமே சொல்லி வைத்துவிட்டாராம்.