டெர்மின் கிடைக்கவில்லை, விசா முடியப்போகிறது: என்ன செய்வது?

கேள்வி: கணவருக்கு ஜெர்மனியில் ஐடி வேலை. நானும் நான்கு வயது மகளும் அவருடனேயே வந்தோம். மூவரின் பாஸ்போர்ட்டிலும் ஒட்டியிருக்கும் விசா இன்னும் மூன்று வாரத்தில் முடிகிறது. ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்காக வெளிநாட்டினர் அலுவலகத்தில் டெர்மின் (நேரில் போவதற்கான முன்பதிவுத் தேதி) தேடிக்கொண்டே இருக்கிறோம், இணையதளத்தில் 'தேதி இல்லை' என்றே வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஆளுக்கு 150 யூரோ கொடுத்தால் டெர்மின் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். அதுவும் நடக்காவிட்டால் ஊருக்குப் போய் டூரிஸ்ட் விசாவில் திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம், லண்டன் பாஸ்போர்ட்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார். இரண்டு மாதத்தில் திருநெல்வேலியில் கொழுந்தனார் கல்யாணம். போய்வர முடியுமா? கம்பெனி ஹெச்.ஆர். வேறு விடாமல் கேட்கிறார்கள்.

பதில்: முதல் காரியம், அந்த வாட்ஸ்அப் நபருக்கு ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள். உங்கள் விசா தேதியைவிட அவர்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்.

நீங்கள் டெர்மினைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். சட்டம் பார்ப்பது விண்ணப்பத்தை. ஜெர்மனியில் வெளிநாட்டவர் தங்குவதற்கான சட்டத்தின் 81ஆம் பிரிவு சொல்வது இதுதான்: கையில் இருக்கும் நீண்டகால விசா முடிவதற்குள் பெர்மிட் கேட்டு விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அவர்கள் முடிவு சொல்லும்வரை பழைய விசா செல்லுபடியாவதாகவே கருதப்படும். வேலை பார்க்கும் உரிமையும் அதே நிபந்தனைகளோடு தொடரும். கைரேகை வைக்கும் டெர்மின் நான்கு மாதம் கழித்து வந்தாலும் சரி, நீங்கள் சட்டப்படிதான் இருக்கிறீர்கள். ஆனால் விண்ணப்பம் ஒருநாள் தாமதமாகப் போனாலும் இந்தப் பாதுகாப்பு தானாக வராது. அலுவலகம் மனது வைத்தால்தான் உண்டு.

இந்த விண்ணப்பத்துக்கு இன்ன வடிவம்தான் என்று சட்டம் கேட்கவில்லை. உங்கள் ஊர் அலுவலகத்துக்கு இணையவழி விண்ணப்பம் இருந்தால் அதில் போட்டுவிட்டு, கடைசியில் வரும் ஒப்புகை பிடிஎஃப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மின்னஞ்சல், தபால், ஃபேக்ஸ் எதுவும் செல்லும். ஒன்றை நம்பி இருக்காமல் இரண்டு வழியில் அனுப்புங்கள். ஃபேக்ஸ் என்றால் சிரிக்காதீர்கள், இங்கே அரசு அலுவலகங்களில் அது இன்னும் ஓடுகிறது. முதல் பக்கத்தின் படத்தோடு, தேதி நேரம் போட்டு வரும் அனுப்புகை அறிக்கையைப் போல நல்ல சாட்சி வேறில்லை. தபால் என்றால் பதிவுத் தபால்.

இங்கேதான் எங்கள் மக்கள் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அலுவலகத்துக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டால் பத்துப் பதினைந்து மின்னஞ்சலைக் காட்டுவார்கள். எல்லாவற்றிலும் "தயவுசெய்து டெர்மின் கொடுங்கள்" என்றுதான் இருக்கும். அது டெர்மின் கேட்கும் கடிதம், பெர்மிட் கேட்கும் விண்ணப்பம் ஆகாது. "நாங்கள் மூவரும் இதன் மூலம் ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கிறோம்" என்ற வாக்கியம் ஜெர்மன் மொழியில், முதல் வரியிலேயே இருக்க வேண்டும். கீழே ஒவ்வொருவரின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், விசா முடியும் நாள், வீட்டு முகவரி. விசா முடியும் நாளைத் தலைப்பிலும் போடுங்கள். அலுவலக இணையதளத்தில் கிடைக்கும் விண்ணப்பப் படிவத்தை ஆளுக்கு ஒன்றாக நிரப்பி, கையெழுத்திட்டு இணையுங்கள். உங்களுடையதை நீங்கள்தான் கையெழுத்திட வேண்டும், மகளுக்குப் பெற்றோர் இருவரும். கணவர் தனக்கு மட்டும் அனுப்பிவிட்டு, மனைவி குழந்தைக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் குழந்தைக்கும் தனித்தனி பெர்மிட், தனித்தனி அட்டை, தனித்தனிக் கட்டணம். முதல் பெர்மிட்டுக்குப் பெரியவர்களுக்கு 100 யூரோ, குழந்தைக்கு அதில் பாதி.

கூடவே பாஸ்போர்ட் பக்கமும் விசாப் பக்கமும், அன்மெல்டுங் (வீட்டு முகவரியைப் பதிவு செய்த) சான்று, வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், மூவருக்குமான மருத்துவக் காப்பீட்டுச் சான்று, திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். ஏதாவது ஒன்று கையில் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். இருப்பதை அனுப்பிவிட்டு, "மற்றது பிறகு வரும்" என்று எழுதுங்கள். தேதிதான் முக்கியம். பாஸ்போர்ட் எந்த நாளில் முடிகிறது என்பதையும் பாருங்கள். அதைத் தாண்டி பெர்மிட் தரமாட்டார்கள். பாஸ்போர்ட்டில் ஒன்றரை வருடம்தான் பாக்கி என்றால் அட்டையும் ஒன்றரை வருடத்துக்குத்தான், பிறகு மறுபடி இதே அலைச்சல்.

சரி, அந்த டெர்மின் வியாபாரிக்கு வருவோம். அரசு அலுவலக டெர்மின் இலவசம். இவர்கள் ஒரு புரோகிராமை ஓடவிட்டு, தேதி திறந்த நொடியில் அள்ளிக்கொள்கிறார்கள். உங்களுக்குத் தேதி கிடைக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். நம்மிடமிருந்து எடுத்து நமக்கே விற்கிறார்கள். டெர்மின் ஒரு பெயரில் இருக்கும், போய் நிற்பவர் வேறு பெயர். வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். காசு திரும்ப வராது. அதைவிட மோசம், "பதிவு செய்ய வேண்டும்" என்று மூவரின் பாஸ்போர்ட் பிரதியையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்வது. அது பிறகு எங்கெல்லாம் போகும் என்று யாருக்குத் தெரியும்?

இதே ஆட்கள் அடுத்து விற்பது முகவரி. வீடு கிடைக்காதவர்களுக்கு அன்மெல்டுங் செய்ய ஒரு வீட்டு எண்ணும் வீட்டுக்காரர் கையெழுத்தும். குடியேறாத வீட்டை இப்படி முகவரியாகக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. வாங்குபவருக்கும் சிக்கல்தான். பெர்மிட் அட்டை பற்றிய கடிதம் அந்த முகவரிக்குத்தான் போகும், அங்கே உங்கள் பெயரில் தபால்பெட்டியே இருக்காது. மூன்றாவது சரக்கு காப்பீடு. மாதம் ஐம்பது அறுபது யூரோவுக்கு ஒரு பயணக் காப்பீட்டைத் தலையில் கட்டுவார்கள். பெர்மிட்டுக்கு அதை ஏற்கமாட்டார்கள். உங்கள் கணவர் வேலை வழியாக அரசு சார்ந்த பொது மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்திருந்தால், வருமானம் இல்லாத நீங்களும் மகளும் கூடுதல் பணம் இல்லாமல் அதிலேயே சேர்ந்துவிடலாம்.

காசு வாங்கிக்கொண்டு சட்ட ஆலோசனை சொல்ல இந்த நாட்டில் கண்டவருக்கும் உரிமை கிடையாது. வக்கீலிடம் போனால் முதல் ஆலோசனைக்குத் தனிநபரிடம் 190 யூரோவும் வரியும்தான் உச்சவரம்பு, வேறு தொகையை நீங்கள் தனியாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர. உங்கள் வாட்ஸ்அப் நபர் மூவருக்குக் கேட்பது 450. காசே செலவில்லாமல் வேண்டுமென்றால் காரிட்டாஸ், டியாகோனி, ஆவோ, செஞ்சிலுவைச் சங்கம் ஆகிய தொண்டு அமைப்புகள் நடத்தும் குடியேறிகள் ஆலோசனை மையம் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கும். படிவம் நிரப்பவும் உதவுவார்கள்.

டூரிஸ்ட் விசா யோசனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதை நம்பிக் கெட்டவர்கள் அதிகம். அவர் சொல்வதில் பாதி உண்மை. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா, இஸ்ரேல் ஆகிய நாட்டுக் குடிமக்கள் விசா இல்லாமல் ஜெர்மனிக்கு வந்து, மூன்று மாதத்துக்குள் இங்கேயே பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். லண்டனிலோ டொராண்டோவிலோ குடியுரிமை வாங்கிய நம் உறவினர்கள் அப்படி வந்து செட்டில் ஆகியிருப்பார்கள். அவர்கள் சொல்வதும் அவர்களைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் பார்ப்பது பாஸ்போர்ட்டை, வாழ்ந்த ஊரை அல்ல. இருபது வருடம் லண்டனில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் இந்தச் சலுகை இல்லை. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டில் சுற்றிப்பார்க்க விசா வேண்டாம், அதனால் அவர்களும் இந்தப் பட்டியலில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. பட்டியலில் இருக்கும் நாட்டவர்கூடப் பெர்மிட் கைக்கு வருமுன் வேலையைத் தொடங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஷெங்கன் டூரிஸ்ட் விசாவில் வந்து "மாற்றிக்கொள்வது" உங்களுக்கான வழி அல்லவே அல்ல. அந்த விசா முடிந்தால் 81ஆம் பிரிவின் பாதுகாப்பும் வராது. இப்போது கையில் இருக்கும் நல்ல விசாவை விட்டுவிட்டு அதற்குப் போவது வலியப் போய்க் குழியில் விழுவது.

அடுத்து கல்யாணம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் நீங்கள் இங்கே சட்டப்படி இருக்கிறீர்கள், ஆனால் அதைக் காட்ட விமான நிலையத்தில் ஒரு தாள் வேண்டும். ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்று பெயர், பச்சை நிறத்தில் மடித்துத் தருவார்கள், கட்டணம் 13 யூரோ. அது இல்லாமல், விசா முடிந்த பாஸ்போர்ட்டோடு ஊருக்குப் போகாதீர்கள். போவது எளிது, சென்னையில் திரும்ப ஏற விடமாட்டார்கள். விண்ணப்பத்திலேயே அந்தத் தாள் வேண்டும் என்று கேட்டு, கல்யாணத் தேதியையும் பயண நாளையும் எழுதுங்கள், பத்திரிகை அச்சானதும் அனுப்புங்கள்.

தாள் கைக்கு வந்ததும் உள்ளே மூன்றாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மூன்று கட்டங்கள் இருக்கும். உங்கள் மூவருக்கும் மூன்றாவது கட்டத்தில்தான் குறி இருக்க வேண்டும், 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு என்று போட்டிருக்கும். அந்தக் குறி இருந்தால்தான் வெளியே போய்த் திரும்ப உள்ளே வரலாம். முதலிரண்டில் குறி இருந்தால் அதை வைத்துத் திரும்ப முடியாது. அவசரத்தில் ஊழியர்கள் தவறான கட்டத்தில் போடுவதும் உண்டு, அங்கேயே நின்று பார்த்துத் திருத்தி வாங்குங்கள். முடிந்துபோன விசா ஒட்டிய பாஸ்போர்ட்டும் கூடவே இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் செல்லும். விமான நிறுவனத்துக் கவுன்டரில் இருப்பவர்களுக்கு இந்தத் தாள் பழக்கமில்லை. ஜெர்மனிக்கே நேரடியாக வரும் விமானத்தில் டிக்கெட் போடுங்கள், மூன்று மணி நேரத்துக்கு முன்பே போய் நில்லுங்கள். தாள் வரும்வரை, காசு திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டாக இருக்கட்டும்.

இவ்வளவையும் ஒரு குடும்பம் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருப்பதே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. திறமையாளர்கள் வேண்டும் என்று 2023இல் சட்டத்தையே திருத்தி அழைத்த நாடு, வந்தவரின் விரல் ரேகையை எடுக்க ஒரு தேதி தர முடியாமல் நிற்கிறது. நாடு முழுக்க 500க்கும் மேல் வெளிநாட்டினர் அலுவலகங்கள், ஆளுக்கொரு படிவம், ஆளுக்கொரு நடைமுறை. ஒரு ஊரில் மின்னஞ்சல் போதும், அடுத்த ஊரில் தொலைபேசியைக்கூட எடுக்கமாட்டார்கள். இந்த இடைவெளியில்தான் உங்கள் வாட்ஸ்அப் நபர் கடை போட்டிருக்கிறார்.

ஹெச்.ஆருக்கு: அனுப்பிய விண்ணப்பம், அது சேர்ந்ததற்கான ஒப்புகை, 81ஆம் பிரிவு என்று இரண்டு வரி விளக்கம், மூன்றையும் மின்னஞ்சலில் கொடுங்கள். வேலை செய்யும் அனுமதிக்கான ஆதாரத்தைக் கோப்பில் வைத்திருப்பது அவர்களுடைய கடமை, அதனால்தான் கேட்கிறார்கள், மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பச்சைத்தாள் வந்ததும் அதன் பிரதியையும் கொடுத்துவிடுங்கள். கணவரின் விசாவில் கம்பெனி பெயர் எழுதியிருந்தால், அட்டை வரும்வரை என்னிடம் கேட்காமல் வேலை மாற வேண்டாம்.

மூன்று மாதம் கழிந்தும் அலுவலகம் அசையவில்லை என்றால், முடிவெடுக்காமல் இருப்பதற்கு எதிராக நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். முதல் கட்டத்தில் வக்கீல் வைக்கும் கட்டாயம்கூட இல்லை. அதற்கு முன், வழக்குப் போடப் போகிறேன் என்று தேதி குறித்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பாதி இடங்களில் அந்தக் கடிதத்துக்கே டெர்மின் வந்துவிடுகிறது.