படர்தாமரையும் வெள்ளை அணுக்களும்: வாசகர் கேள்விகள்

கோத்தகிரி: இடுப்பில் படர்தாமரை. வெள்ளை அணு 12,500. பூஞ்சை ரத்தத்தில் கலந்துவிட்டதா?

இல்லை. இந்தப் பூஞ்சை தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும், கவுன்ட்டை (வெள்ளை அணு எண்ணிக்கையை) ஏற்றாது. சளிக்காய்ச்சல், பல்லில் சீழ், ஸ்டீராய்டு மாத்திரை, பீடி சிகரெட் எல்லாமே ஏற்றும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எழுதாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் எப்படிச் சொல்வது?

அருவங்காடு: தேமலுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டுமா?

வேண்டாம். கீட்டோகொனசோல் ஷாம்பூ, தினம் 5 நிமிடம் ஊறவிட்டுக் குளியல், 5 நாள். நிறம் திரும்பச் சில மாதம் ஆகும்.

கூடலூர்: எஸ்டேட் வேலை, கம்பூட்ஸ். விரலிடுக்கு வெளுத்து அரிக்கிறது. வெள்ளை அணு கூட மாத்திரை உண்டா?

தேவையே இல்லை. மதியம் மாற்ற இன்னொரு ஜோடி சாக்ஸ் வையுங்கள். கழுவி, இடுக்கை ஒற்றித் துடைத்து, குளோட்ரிமசோல் இரு வேளை, 4 வாரம். ஸ்டீராய்டு சேர்த்த கலவைக் களிம்பு கூடாது. பாதம் வீங்கிச் சிவப்பு மேலேறினால் பாக்டீரியா புகுந்துவிட்டது. கவுன்ட் ஏறுவது அப்போதுதான். அன்றே டாக்டரிடம் போங்கள்.

குன்னூர்: கடையில் கொடுத்த களிம்பு இரண்டே நாளில் அரிப்பை நிறுத்துகிறது. விட்டால் திரும்புகிறது. எதிர்ப்பு சக்தி குறைவா?

டியூபைத் திருப்பிப் படியுங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பூஞ்சையோடு மோதத் தோலுக்கு வரும் வெள்ளை அணுக்களை அது அங்கேயே அடக்கிவிடும். அந்த மோதலால் வருவதுதான் அரிப்பும் சிவப்பும். மோதல் நின்றால் அரிப்பு அடங்கும், பூஞ்சை தடையில்லாமல் பரவும். ரத்தத்தில் கவுன்ட் 7,000 என்று சரியாகவே காட்டும். தொடையிலோ ஓரம் மங்கி, வளையத்துக்குள் வளையமாக விரிந்திருக்கும். தொடையிடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழுந்தால் முழுதாக மறையாது. மூன்று நான்கு மருந்தை ஒரே டியூபில் அடைத்துச் சீட்டில்லாமல் விற்பதை எத்தனை முறை கண்டித்தாலும் ஆறவில்லை. அந்தக் களிம்பை நிறுத்துங்கள். சில நாள் அரிப்பு கூடும். பயந்து பழைய டியூபைத் தொடாதீர்கள். தோலைச் சுரண்டிப் பரிசோதித்து, தோல் டாக்டர் சொல்லும் மாத்திரையையே சாப்பிடுங்கள். டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு மசியாத பூஞ்சை நம் நாட்டில் பெருகிவிட்டது. டாக்டர் தரும் களிம்பை வட்டத்துக்கு வெளியே 2 செ.மீ. வரை தடவி, மறைந்தபின்னும் 2 வாரம் தொடருங்கள். மழைக்காலத்தில் காயாத உள்ளாடையை இஸ்திரி போட்டே உடுத்துங்கள். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

ஊட்டி: அம்மாவுக்குக் கீமோ. நியூட்ரோஃபில் (வெள்ளை அணுவில் ஒரு வகை) 400. நாக்கில் வெள்ளைப் படலம். படர்தாமரைக் களிம்பு போடலாமா?

கூடவே கூடாது. 500க்குக் கீழே போனால் பூஞ்சை உள்ளுறுப்புவரை இறங்கலாம். கீமோ கொடுத்த மருத்துவமனைக்கு இன்றே போன் செய்யுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். கோவைக்குப் போவதானால் மலையிறங்கவே நேரமாகும். நடுராத்திரியானாலும் கிளம்புங்கள், ரத்த ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு.