பல்பின் ஒளி 50 ஹெர்ட்ஸா?

அன்புள்ள ஐயா,

மின்காந்த அலைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், மின்னூட்டம் எந்த அதிர்வெண்ணில் ஆடுகிறதோ அதே அதிர்வெண்ணில்தான் அலையும் பிறக்கும் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் குண்டு பல்பின் ஒளியும் மின்காந்த அலைதான்; ஆனால் அதன் அதிர்வெண் 5 கோடி கோடி ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. இவை இரண்டும் எப்படிப் பொருந்தும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த வாக்கியம் சரிதான். ஆனால் ஆடுவது எந்த மின்னூட்டம் என்று சொல்லாமல் விட்டது என் பிழை. மின்னோட்டத்தில் எலக்ட்ரான்கள் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசைகின்றன. அந்த அசைவால் 50 ஹெர்ட்ஸ் அலைதான் உண்டாக முடியும். ஒளி அதிலிருந்து வருவதில்லை. மின்னோட்டம் டங்ஸ்டன் இழையைச் சுமார் 2500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க, அந்தச் சூட்டில் இழையிலுள்ள மின்னூட்டங்கள் தாறுமாறாகத் துடிக்கின்றன. ஒளி அந்தத் துடிப்பில் பிறப்பது. அதே பல்பை அதே சூட்டுக்கு வரும்படி பேட்டரியின் நேர்மின்சாரத்தில் எரித்தாலும் அதே நிற ஒளிதான் கிடைக்கும்.

50 ஹெர்ட்ஸின் சுவடு ஒளியில் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடினாலும் இழை சூடாகும் என்பதால், பல்பின் பிரகாசம் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. இழை அதற்குள் ஆறிவிடுவதில்லை, ஆகவே கண்ணுக்கு அது தெரிவதில்லை. மாறுவது பிரகாசம் மட்டுமே.

அப்படியானால் அந்த 50 ஹெர்ட்ஸ் அலை எங்கே போகிறது? பெரும்பாலும் அது கிளம்புவதே இல்லை. ஒளியின் வேகத்தை 50 ஆல் வகுத்தால் அலைநீளம் 6000 கிலோமீட்டர் என்று வரும். பூமியின் ஆரத்தை விடச் சற்றே குறைவு. ஓர் ஆன்டெனா அலையைத் திறம்பட வீச வேண்டுமானால் அலைநீளத்தில் கால் பங்காவது இருப்பது நல்லது, அதாவது 1500 கிலோமீட்டர். தவிர, வீட்டு வயரில் போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒட்டியே கிடப்பதால் ஒன்றின் விளைவை மற்றொன்று ஏறக்குறைய அழித்துவிடுகிறது. ஸ்பீக்கரில் சில நேரம் கேட்கும் 'ம்ம்' என்ற இரைச்சல்கூடப் பல சமயம் பக்கத்து வயரின் காந்தப்புலம் நேரடியாகத் தூண்டுவதுதான். தொலைவிலிருந்து வந்த அலை அன்று.

அதிர்வெண்ணைக் கூட்டினால் கதை மாறுகிறது. சுவீடனின் கிரிமெடன் வானொலி நிலையத்தில் 1920களில் நிறுவிய அலெக்ஸாண்டர்சன் ஜெனரேட்டர் இன்றும் இருக்கிறது. மின்நிலைய ஜெனரேட்டரைப் போலவே அதுவும் சுழன்று மாறுதிசை மின்சாரம் தரும் இயந்திரம்தான். ஆனால் அதன் சக்கர விளிம்பில் 488 பள்ளங்கள்; நிமிடத்துக்கு 2115 சுற்றுகள். பெருக்கி 60 ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 17,200 ஹெர்ட்ஸ். அந்த மின்சாரத்தை அப்படியே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீண்ட ஆன்டெனாவுக்குள் செலுத்தி, அதே 17,200 ஹெர்ட்ஸ் அலையாக அட்லாண்டிக்கைத் தாண்டித் தந்தி அனுப்பினார்கள். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் நிலையத்தின் ஆன்டெனாவில் ஓடுவதும் மாறுதிசை மின்னோட்டம்தான், வினாடிக்கு 10 கோடி முறை ஆடுவது. அங்கே அலைநீளம் 3 மீட்டராகிவிடுவதால் 75 சென்டிமீட்டர் கம்பியே போதும்.

கட்டுரையின் அந்த வரியில் "ஆன்டெனாவில் ஆடும் மின்னூட்டம்" என்று திருத்திவிட்டேன்.