தற்காப்புக் கலை கற்க ஜென் எதற்கு?

அடிக்கவும் தடுக்கவும் தெரிந்தால் போதாதா, நடுவில் ஜென் என்ற பௌத்த தியான நெறி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் ஒன்றுமில்லை, ஜென் பக்கமே போகாத நல்ல வீரர்கள் ஏராளம். ஆனால் எதிரே ஆள் நிற்கும்போது மனம் படுத்தும் பாட்டை ஜென் துறவிகள் ரொம்ப நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள்.

17ஆம் நூற்றாண்டில் தக்குவான் சோஹோ என்ற ஜென் துறவி, ஷோகனின் (ஜப்பானை ஆண்ட படைத்தலைவரின்) வாள் ஆசிரியரான யாக்யூ முனெநோரிக்கு எழுதியது இதைத்தான்: மனம் எதிராளியின் வாளில் போய் நின்றாலும் ஆபத்து, உன் சொந்த வாளில் நின்றாலும் ஆபத்து. ஆயிரம் கைகள் கொண்ட கன்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தை உதாரணம் காட்டுகிறார். வில் பிடித்த ஒரு கையில் மனம் தங்கிவிட்டால் மீதி 999 கைகளும் வீண்.

ஜப்பானிய வாள்வீச்சுக் கலையான கெண்டோ பயிற்சியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதிதாக வந்தவர் எதிராளியின் மூங்கில் வாள் நுனியையே முறைத்துக்கொண்டிருப்பார், அது லேசாக அசைந்ததும் தலைக்குத்தான் அடி வருகிறது என்று பதறிக் கையைத் தூக்குவார், அடி மணிக்கட்டில் விழும். அதனால்தான் தூரத்து மலையைப் பார்ப்பதுபோல ஆளை முழுசாகப் பார் என்கிறார்கள். சும்மா உட்கார்ந்து தியானம் செய்தால் மட்டும் இது வந்துவிடாது, ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப வீசிப் பழகிய உடம்பும் வேண்டும்.

அப்புறம், ஜென்னின் ஆதிகுருவாகச் சொல்லப்படும் காஞ்சிபுரத்து போதிதர்மர்தான் சீனாவின் ஷாவ்லின் மடத்தில் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார் என்பது நமக்குப் பிடித்த கதை. ஆனால் அவர் பெயரில் வழங்கும் உடற்பயிற்சி நூலே 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள்.